கப்பல் பட்டியலில் ஓர் ஊர்ப்பெயர்

ஸ்காட்லாந்திலிருந்து வெளியேறியவர்களின் வழித்தோன்றல்கள் தம் மூதாதையரைத் தேடும் முறையைப் படிக்கும் தமிழர் எவருக்கும் சற்றே பொறாமை எழும். கனடாவிலோ நியூசிலாந்திலோ பிறந்த ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனின் ஊரை அறிய விரும்பினால் அவருக்காகக் காத்திருப்பவை எத்தனை! 1553 தொடங்கி 1854 வரையிலான திருச்சபைப் பதிவேடுகள் இருக்கின்றன. 1855 சனவரி முதல் நாளிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் அரசுப் பதிவு உண்டு. இறந்தவரின் தாய் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைக்கூட அந்த இறப்புப் பதிவில் காணலாம். 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை வீடுவாரியாக எடுத்த குடிக்கணக்கும் நூறாண்டு கடந்ததும் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. இவற்றையெல்லாம் வீட்டிலிருந்தபடியே கணினித் திரையில் புரட்டலாம்.

ஆனால் அவர்களுக்கும் ஓர் இடத்தில் இருள் சூழ்கிறது. அது கப்பல். பிரித்தானியத் துறைமுகங்களிலிருந்து வெளியேறியவர்களின் பட்டியல்கள் 1890க்கு முந்தையவை பெரும்பாலும் எஞ்சவில்லை. 1773இல் நோவா ஸ்கோஷியாவுக்கு ஹைலாந்து மக்களை ஏற்றிச் சென்ற ‘ஹெக்டர்’ புகழ்பெற்ற கப்பல். அதன் பயணிகள் பட்டியல்கூடப் பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதப்பட்டதுதான். சுதந்திர மனிதனாகக் கப்பலேறியவனைப் பற்றி எழுதி வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

நம்மவர் கதை இதற்கு நேர்மாறானது. கப்பலுக்கு முன்பு ஒன்றுமில்லை. கப்பலில் எல்லாம் இருக்கிறது.

1860 அக்டோபர் 13 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் நவம்பர் 16 அன்று தர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் வந்திறங்கினர். அன்று முதல் 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இருப்புப்பாதைப் பணிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் 1,52,184 பேர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி உண்டு. எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை அவ்வரியில் அடங்கும். அம்மைத் தழும்பும் நெற்றி வடுவும் பச்சை குத்தியதும் அங்கே குறிக்கப்பட்டன. நம் வட்டாரத்தில் 1870இல் வாழ்ந்த நிலமற்ற ஓர் உழவுத் தொழிலாளியின் உயரம் எவ்வளவு என்று அறிய நமக்கு வேறெந்த ஆவணமும் கிடையாது. அவன் ஊரை விட்டுப் போயிருந்தால் மட்டுமே அதை அறிய முடியும். இருந்தவன் மறைந்துபோனான், போனவன் பதிவானான் என்பது எண்ணி எண்ணி வியக்க வேண்டிய ஒன்று.

இப்பதிவு அன்பினால் எழுதப்பட்டதல்ல என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நேட்டாலில் இறங்கியதும் ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் தரப்பட்டது. பெயர் மாறலாம், திரியலாம், எண் மாறாது. தோட்டக் கணக்கில், முறைப்பாட்டில், நீதிமன்றத்தில், திருமணப் பதிவில் என எங்கும் அந்த எண்தான். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டுமென்று 1895இல் சட்டம் வந்தபோது, வரி தண்டவும் அவ்வெண்ணே பயன்பட்டது. 1914இல்தான் அவ்வரி ஒழிந்தது. இன்று தர்பனில் தன் முன்னோரைத் தேடும் ஒருவர் பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டியைத் துழாவும்போது தேடுவது பெயரையல்ல, அந்த எண்ணைத்தான். எண் கிடைத்தால் கப்பல் கிடைக்கும்; கப்பல் கிடைத்தால் ஊர் கிடைக்கும்.

மொரீஷியசில் இன்னும் விந்தை. 1867ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தம் முடித்த பழைய குடியேறிகள் தம் நிழற்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் சாலையில் நடந்தால் நாடோடி என்று கைது. இக்கொடுமையை எதிர்த்து 1871இல் அடோல்ஃப் தெ பிளேவிட்ஸ் துணையோடு 9,401 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஆளுநரிடம் சென்றது; மறு ஆண்டில் அரச ஆணைக்குழுவும் வந்தது. பிடித்து அடைப்பதற்காக எடுத்த அந்தப் படங்களே பல குடும்பங்களுக்கு இன்று முப்பாட்டனின் ஒரே முகம். மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அவற்றைக் காத்து வருகிறது. மொரீஷியசின் ஒப்பந்தக் கூலி ஆவணங்கள் 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் நாடுகளின் ஆவணங்கள் 2011இலேயே சேர்க்கப்பட்டுவிட்டன.

இனி, தமிழ்த்துறையினர் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். ஆவணம் கிடைத்த பிறகும் அதை வாசிக்க ஒரு தமிழ்க்காது வேண்டியிருக்கிறது.

முதலில் ஆட்பெயர். ஸ்காட்லாந்தில் மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும் இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும் இடும் மரபு இருந்தது. வம்சாவளி தேடுவோர் அதை ஒரு திறவுகோலாகக் கொள்கின்றனர். நமக்கு இது புதிதா? பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலால்தானே அவன் பெயரன், பேரன்! சங்க இலக்கியத்திலேயே காணும் வழக்கு இது. அவர்களுக்குக் குடும்பப் பெயர் என்னும் மாறாத வால் ஒன்று உண்டு, நமக்கு இல்லை. முனியன் மகன் சின்னசாமி, சின்னசாமி மகன் முனியன் என்று பெயர் ஊஞ்சலாடிக் கொண்டிருக்கும். கடல் கடந்ததும் அங்குள்ள சட்டம் இந்த ஊஞ்சலை ஓரிடத்தில் பிடித்து நிறுத்திவிட்டது. முதலில் வந்தவரின் பெயரோ அவர் தந்தையின் பெயரோ அப்படியே உறைந்து குடும்பப் பெயராயிற்று. பிரெஞ்சுத் தீவுகளில் இதைத் தெளிவாகக் காணலாம். குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்றி சிதம்பரம் (1863–1952) ஒரு சான்று. அவர் பெயரின் பின்பகுதியைப் பார்த்ததும் நம் வட்டாரத்தவர் ‘நம்மூர்க்காரர்’ என்று உரிமை கொண்டாடக்கூடும். பொறுமை வேண்டும். சிதம்பரம் ஊரின் பெயர் மட்டுமன்று. தமிழகமெங்கும் ஆண்களுக்கு இடும் பெயர். பெயரில் ஊர் இருப்பதால் ஊரில் அவர் இருந்தார் என்றாகாது.

வேறு சில பெயர்கள் அப்படியல்ல. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகனிடம் குறையைத் தாளில் எழுதிப் ‘பிராது’ கட்டுவது அங்கு வழக்கம். இந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் ஒரு கொளஞ்சி, கொளஞ்சியப்பன், கொளஞ்சிநாதன் அகப்படாமல் போகமாட்டார். மதுரையிலோ கோவையிலோ இப்பெயரைத் தேடித்தான் காணவேண்டும். அவ்வாறே ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாளால் பூவராகன்; விருத்தாசலத்து இறைவனாலும் இறைவியாலும் பழமலை, விருத்தாம்பாள். இராமசாமி, முனுசாமி, கோவிந்தன் என்ற பெயர்களை வைத்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஊர்க்கட்டம் சிதைந்துபோன ஒரு வரியில் தந்தை பெயர் கொளஞ்சி என்றிருந்தால், தேடலை மணிமுத்தாற்றங்கரையில் தொடங்குவது வீண்போகாது. இந்தக் குறிப்பு எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காது. இங்கே வாழ்பவர் சொன்னால்தான் உண்டு.

அடுத்தது சாதிக்கட்டம். இதைப் பேசக் கூச்சப்படுவோர் உண்டு. பேசாமல் இப்பட்டியலை வாசிக்க முடியாது. எழுத்தர்கள் சில வேளை சாதியை எழுதினர். சில வேளை தமிழர் என்பதற்கு ‘மலபார்’ என்றும் தெலுங்கர் என்பதற்கு ‘ஜென்டூ’ என்றும் எழுதிச் சென்றனர். இன்றும் ரீயூனியன் தீவில் தமிழ் மரபினரைக் குறிக்கும் சொல் ‘மல்பார்’தான். தென்னாப்பிரிக்காவிலோ கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார், முதலி ‘மூட்லி’ ஆனார். படையாட்சி என்னும் பட்டம் ‘படயாச்சி’ என்ற குடும்பப் பெயராக இன்றும் தர்பனில் தழைத்திருக்கிறது. பழைய தென்னார்க்காட்டு ஊர்களில் தெருத்தெருவாகக் கேட்கக்கூடிய பட்டம் அது. ஆனால் பட்டியலில் ஒரு சாதியும் இரண்டு தலைமுறைக்குப் பின் குடும்பப் பெயராக வேறொரு பட்டமும் இருப்பது அங்கு அரிதன்று. இதை மோசடி என்று கூறுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஊரில் தலையில் ஏற்றப்பட்டதைக் கடலில் இறக்கி வைக்க வாய்த்தவர்கள் இறக்கி வைத்தார்கள். தேடிச் செல்லும் கொள்ளுப்பேரனுக்கு அவ்வரி ஓர் அதிர்ச்சியைத் தரலாம். அதற்கு அவர் ஆயத்தமாக இருக்க வேண்டும், நாமும்தான்.

எல்லாவற்றிலும் கடினமானது ஊர்க்கட்டம். ஜில்லா தென்னார்க்காடு என்றிருக்கும். அப்படியொரு மாவட்டம் இன்று நிலப்படத்தில் இல்லை. 1993இல் அது கடலூர், விழுப்புரம் என இரண்டாயிற்று. விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. கடலூர் என்பதற்கான ஆங்கில எழுத்துகளே ‘கூடலூர்’ என்ற பழைய ஒலியிலிருந்து வந்தவை. தாலுகா விருத்தாசலம் என்பதை எழுத்தர் தம் காதுக்கேற்றபடி முறித்திருப்பார். ஊர்ப்பெயரில் நிலைமை இன்னும் மோசம். நம் ககரம் ஆங்கிலத்தில் ‘கே’ ஆகலாம், ‘சி’ ஆகலாம், ‘ஜி’ ஆகலாம். சகரத்துக்கும் தகரத்துக்கும் இதே கதி. ழகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வடமாவட்டப் பேச்சில் அது யகரமாக ஒலிப்பதுண்டு. பழம் ‘பயம்’ ஆகும். சொன்னவர் யகரமாகச் சொல்ல, எழுதியவர் அப்படியே எழுத, நூறாண்டு கழித்துத் தேடுபவர் ழகரத்துக்குரிய எழுத்துகளில் தேடினால் எங்கே கிடைக்கும்? இது போதாதென்று ஏட்டுப் பெயர் ஒன்று, நாட்டுப் பெயர் ஒன்று என இரண்டும் வழங்கும். பெண்ணாகடம் பேச்சில் பெண்ணாடம். ஸ்ரீமுஷ்ணம் என்பதே திருமுட்டம். நல்லூர், புதூர், குப்பம், பாளையம் என்று முடியும் ஊர்களோ ஜில்லாவுக்கு நூறு.

ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில் நமக்கே இன்னும் தெளிவு வரவில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றி ஆணை பிறப்பித்தது. எதிர்ப்பும் கிண்டலும் எழ, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. 2020இலேயே இந்நிலை என்றால், கப்பல் புறப்படும் அவசரத்தில் டிப்போவில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த எழுத்தரைக் குறைசொல்லி என்ன பயன்?

பிஜித் தீவின் வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் (2021இல் மறைந்தார்) செய்த பணியை இங்கே நினைக்க வேண்டும். ஒப்பந்தக் கூலியின் பேரனான அவர், வட இந்தியாவிலிருந்து பிஜிக்குச் சென்ற 45,439 பேரின் குடியேற்றச் சீட்டுகளைக் கணினியிலேற்றி ஆராய்ந்து, 1983இல் ‘கிர்மிட்டியாஸ்’ என்ற நூலாக வெளியிட்டார். மக்கள் எந்த மாவட்டங்களிலிருந்து, எந்தச் சாதிகளிலிருந்து சென்றார்கள் என்பதை யூகத்திலிருந்து விடுவித்து எண்ணாக்கிக் காட்டிய நூல் அது. ஏமாற்றிக் கடத்தப்பட்ட கடைகோடி மக்கள் மட்டுமே சென்றார்கள் என்ற எளிய சித்திரத்தை அந்த எண்கள் கலைத்தன. 1903 முதல் சென்னை வழியாகப் பிஜிக்குச் சென்ற ஏறத்தாழ 15,000 பேர் அவர் ஆய்வு எல்லைக்குள் வரவில்லை. நேட்டால் பட்டியல்களைச் சுரேந்திர பானா அவ்வாறே ஆராய்ந்து 1991இல் நூலாக்கினார். இருவரும் அயல்நாட்டில் வாழ்ந்தவர்கள். போனவர்களின் பிள்ளைகள் எண்ணினார்கள். இருந்தவர்களின் பிள்ளைகளாகிய நாம் பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலைப் பாடத்திட்டத்தில் வைத்துவிட்டு அத்துடன் நிறுத்திக்கொண்டோம்.

மூதாதையரைத் தேடுவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இலங்கையைப் பார்க்கட்டும். அங்கே சென்றவர்கள் கங்காணி முறையில் சென்றவர்கள். நேட்டாலுக்குப் போனவருக்கு இருப்பது போன்று ஊரும் தந்தை பெயரும் அடையாளமும் கொண்ட வரி அவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. கங்காணியின் கணக்கில் ஒரு தலை, அவ்வளவே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவர் தம் தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டவேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும் என்றது. மூன்று தலைமுறையாகத் தேயிலைக் காட்டில் வாழ்ந்தவர்களிடம் அதற்கான தாள் எங்கே? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நாடற்ற நிலையை முடித்துவைக்கும் சட்டம் இலங்கையில் 2003இல்தான் வந்தது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை வகுப்பில் நடத்தும்போது இச்சட்டத்தையும் சேர்த்தே சொல்வது என் வழக்கம். கதையில் முடியாத துன்பம் சட்டப் புத்தகத்தில் தொடர்ந்தது.

தாள் இருந்தவர்களின் நிலைக்கும் ஓர் எடுத்துக்காட்டு. 2024 மார்ச்சில் மொரீஷியஸ் சென்ற குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, அங்குள்ள இந்திய வம்சாவளியினர் ஏழாம் தலைமுறை வரை அயல்வாழ் இந்தியக் குடியுரிமை அட்டை பெறலாம் என்று அறிவித்தார். ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் முதல் தலைமுறையை மெய்ப்பிக்க வேண்டுமானால் அந்தக் குடியேற்றப் பதிவேட்டைத்தான் நாடவேண்டும். அன்று சிறைப்படுத்திய காகிதம் இன்று கதவைத் திறக்கிறது.

சரி, நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குடிப்பெயர்வு தொடர்பான அரசு நடவடிக்கைக் குறிப்புகள் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலவரித் திட்டப் பதிவேடும் பட்டாவும் அடங்கலும் உண்டு. ஆனால் நிலப்பதிவேட்டில் நிலமுள்ளவன் பெயர்தான் இருக்கும். பஞ்சத்துக்கு அஞ்சி, கடனுக்கு அஞ்சி, சில வேளை மாமியாருக்கு அஞ்சி வெளியேறியவரின் பெயர் அங்கே இராது. 1876–78 பஞ்சத்துக்கு முன்பு எடுத்த 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மொத்தத் தொகைகள் அச்சில் கிடைக்கின்றன. ஸ்காட்லாந்தில் போல வீடுவாரியான பெயர்த்தாள்கள் கிடைப்பதில்லை. இதில் ஒரு முரண் கண்ணை உறுத்துகிறது. சென்னை மாகாணத்து ஐரோப்பியக் கல்லறைகளின் வாசகங்களையெல்லாம் திரட்டி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் பெரிய நூலாக வெளியிட்டார். நம் மண்ணில் இறந்த ஸ்காட்லாந்துக்காரரை அவர் கொள்ளுப்பேரன் அந்நூலின் துணையோடு கண்டுபிடித்துவிடலாம். அதே மண்ணிலிருந்து கப்பலேறியவரின் பேரனுக்கு இங்கே ஒரு தாளும் இல்லை.

கம்மாபுரத்தைச் சுற்றியுள்ள பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டதிலிருந்து சுரங்கங்கள் விரிய விரிய, இவ்வட்டாரத்தில் ஊர்கள் பெயர்க்கப்பட்டன. மக்கள் வேறிடங்களில் குடியமர்ந்தனர். ஊர்ப்பெயரைச் சரியாக வாசித்து, தாலுகாவைக் கண்டுபிடித்து, விமானமேறி வருபவர் அங்கே ஊரைக் காணாமல் ஒரு பள்ளத்தைக் காணவும் கூடும். அவ்வூரின் குலதெய்வம் எங்கே எழுந்தருளியிருக்கிறது, பங்காளிகள் எந்த நகரில் குடியேறினார்கள் என்பதை எழுதி வைத்தாலொழிய அந்தத் தடமும் அழிந்துவிடும். சொன்னால் சிரிப்பீர்கள், இதற்குக் கோடிக்கணக்கில் நிதி வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டின் மாவட்டக் குடிக்கணக்குக் கையேட்டில் தாலுகாவாரியாக ஊர்ப்பட்டியல் இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் நேரே அதன் ஏட்டுப் பெயர், பேச்சுப் பெயர், பக்கத்துக் குப்பங்கள், குலதெய்வம், அதையொட்டி இடும் ஆட்பெயர்கள் ஆகியவற்றை எழுதினால் போதும். கண்மணி குணசேகரன் தனியொருவராக நடுநாட்டுச் சொற்களைத் திரட்டி அகராதியாக்கிய வட்டாரம் இது. ஒரு தமிழ்த்துறையின் முதுகலை மாணவர்கள் இரண்டு கோடை விடுமுறைகளில் முடிக்கக்கூடிய வேலை.

அப்பணியில் பெண்களின் வரிகளுக்குத் தனிக்கவனம் வேண்டும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது கப்பல்களுக்கு விதித்த விகிதம். கணவரோடு சென்றவர் உண்டு. தனியே சென்றவரும் உண்டு. தனியே சென்றவளின் பெயருக்கு எதிரே இருப்பது தந்தை பெயர் ஒன்றுதான். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து புறப்பட்டவள் எழுத்தரிடம் சொன்னது பிறந்த ஊரையா, புகுந்த ஊரையா? அவள் பெயர் விருத்தாம்பாள் என்றும் ஊர் தஞ்சாவூர் ஜில்லா என்றும் ஒரு வரியில் காண நேர்ந்தால், இரண்டு தாலுகாக்களில் விசாரிக்க வேண்டியிருக்கும்.